நூருன்னிசா இத்தா இருந்த மாதங்கள்

ஷேக் மைதீனின் உடலுக்குக் கஃபன் துணி சுற்றி முடித்தாயிற்று. முகத்தை மூடுவதற்கு முன்பு பெண்கள் அவன் மனைவி நூருன்னிசாவைத் தாங்கிக் கொண்டுவந்து தலைமாட்டில் உட்கார வைத்தார்கள்.

"மஹர மன்னிச்சிட்டேன்னு சொல்லுக்கா. மனுசன் பாரத்தோட போவக் கூடாது" என்று ஓரகத்தி சமீனா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மஹராக ஐந்து பவுன் எழுதியிருந்தார்கள். இருபது வருடத்தில் ஒரு குண்டுமணி கூட வந்து சேரவில்லை. நூருன்னிசாவுக்கு வாய் திறந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. "சொல்லிட்டா, சொல்லிட்டா" என்று சமீனாவே கூட்டத்துக்கு அறிவித்தாள். முகத்தை மூடினார்கள்.

பாகூர் பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகைக்கு முன்பு மைதீனின் தம்பி ஷேக் ஃபரீத் வரிசைகளுக்கு முன்னால் வந்து நின்றான். "எங்க அண்ணன் யாருக்காவது எதாவது குடுக்கணும்னா எங்கிட்ட கேளுங்க. நான் பொறுப்பு" என்றான். இறந்தவரின் வாரிசு சொல்ல வேண்டிய வார்த்தை அது. அந்த வரிசைகளிலேயே மைதீனுக்குக் கடன் கொடுத்தவர்கள் பலர் நின்றிருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

மைதீன் தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தான். வாளி, குடம், நாற்காலி, சோப்பு டப்பா. ரோட்டின் மறுபக்கம் எந்தப் பொருள் எடுத்தாலும் ஒரே விலை என்று பெரிய கடை ஒன்று வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. சரக்குப் போட பாக்யராஜ் என்பவரிடம் தண்டலுக்கு வாங்கினான். தினமும் சாயங்காலம் வந்து வசூலித்துப் போவார். தண்டலைக் கட்ட நூருன்னிசாவின் சங்கிலியை அடகு வைத்தான். அடகு வட்டியைக் கட்ட அவளைப் பெண்கள் குழுவில் சேரச் சொன்னான். வட்டிக்கு வாங்குவது ஜமாத்தில் தெரிந்தால் கேவலம். இதுவும் வட்டிதானே என்று நூருன்னிசாவும் கேட்டாள்.

"குழுவுல வாங்குறதுக்குப் பேரு வட்டி இல்ல. சர்வீஸ் சார்ஜ்" என்றான் மைதீன்.

அவள் நம்பினாள். நம்பினால் அடுத்த கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக அவள் பெயரில் இரண்டு லோன் எடுத்தார்கள். மொத்தம் எவ்வளவு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஏப்ரல் மாத வெயிலில் கடைக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான் மைதீன். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பது வழக்கம். சமீனா ஒரு பழைய போர்வையைக் கொண்டுவந்து நடு அறையின் குறுக்கே திரையாகக் கட்டிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாளே தண்டல் பாக்யராஜ் வந்து வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். ஃபரீத் வெளியே போனான்.

"அண்ணி இத்தாவுல இருக்காங்க. ஆம்பளைங்க யாரும் பாக்கக் கூடாது, பேசக் கூடாது. முடியட்டும், பேசிக்கலாம்."

"எத்தினி நாளு?"

"நாலு மாசம் சொச்சம்."

"சாவுக்கு நாலு மாசம் லீவா? எங்கப்பன் செத்தப்ப காரியம் முடியறதுக்கு முன்னயே என் சட்டையப் புடிச்சானுங்கபா" என்றார் பாக்யராஜ். ஆனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் பள்ளிவாசல்காரர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

திரைக்குப் பின்னால் இருந்த நூருன்னிசா அந்த வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும் வரை காது கொடுத்துக் கேட்டாள். எத்தனையோ வருடமாக வாசலில் ஹாரன் அடித்தால் அவள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிடுவாள். கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வாள். இன்று ஹாரன் அடித்தது, திரும்பியும் போயிற்று. அன்று மதியம் அவள் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மகள் ஃபர்ஹீன் பார்த்துக்கொண்டிருந்தாள். 

கடைச் சாவியை ஃபரீத் கேட்டபோது நூருன்னிசா தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துத் திரைக்கு வெளியே நீட்டினாள். "நீயே பாத்துக்கோ தம்பி. எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள்.

குழுவில் ஐந்து பெண்கள். நூருன்னிசாவைத் தவிர மற்ற நால்வரும் பக்கத்துத் தெருக்காரர்கள், நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள். தலைவி செல்வகுமாரி. செலியமேட்டில் பிறந்து பாகூருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் சுவேதாவும் ஃபர்ஹீனும் ஒரே பெஞ்சில் படித்துப் பன்னிரண்டாவது முடித்தவர்கள். புதன்கிழமை தோறும் லோன் கொடுத்த கம்பெனி ஆள் வந்து செல்வகுமாரி வீட்டு வாசலில் வசூல் செய்வான். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். கட்டி முடியும் வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது.

சாவுக்கு அடுத்த புதன்கிழமை செல்வகுமாரி வந்தபோது, திரைக்குள்ளிருந்து நூருன்னிசா மகளைக் கையசைத்துக் கூப்பிட்டாள். "இத்தான்னு சொல்லு. யாரயும் பாக்கக் கூடாதுன்னு சொல்லு."

"அது ஆம்பளைங்களுக்குத்தானேம்மா?"

"சொல்றதச் சொல்லுடி."

ஃபர்ஹீன் போய்ச் சொன்னாள். செல்வகுமாரி நம்பினாள். உள்ளே ஏதோ விரதம் நடக்கிறது என்று எண்ணி வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வெயிலில் நின்றாள். "நூரு, இந்த வாரம் நாங்க போட்டுக் கட்டிக்கிறோம். நீ தைரியமா இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமும் அப்படித்தான் போயிற்று. மே மாதத்தில் அவள் குரல் மாறியது. ஜூனில் மற்ற மூவரும் சேர்ந்து வந்து தெருவிலிருந்தே பேசினார்கள். தெருவில் எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் பேசினார்கள்.

"கறி தின்னுட்டுப் படுத்திருக்கா மகாராணி. நாம நாத்து நட்டு அவ கடன அடைக்கணும்."

"போர்வையக் கட்டிக்கினா கடன்காரன் வரமாட்டானாம். நாளைக்கே எம் புருசனுக்கு வெசத்தக் குடுத்துட்டு நானும் ஒரு போர்வையக் கட்டப் போறேன்."

சிரித்தார்கள். நூருன்னிசா போர்வையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். எதிர்வீட்டுப் பெண் என்ன சொன்னாள், அவளும் சிரித்தாளா என்று மட்டும் ஃபர்ஹீனிடம் கேட்டாள்.

ஒரு புதன்கிழமை செல்வகுமாரி தனியாக வந்து ஜன்னலோரம் நின்று மெதுவாகப் பேசினாள். "நூரு, கேக்குதா? சுவேதாவுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிடிச்சி. பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள்ள பீஸ் கட்டணும். அடுத்த லோன் வாங்கித்தான் கட்டணும். உன் பாக்கி நின்னா எங்க யாருக்கும் லோன் இல்லன்னு சார் சொல்லிட்டாரு. கடைல சரக்கு இருக்கில்ல? வித்துக் குழு பாக்கிய மட்டும் கட்டிடு. மத்தவங்க காத்திருப்பாங்க. காலேஜ் காத்திருக்காது."

ஜன்னல் கம்பியை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றிருந்தாள்.

"அம்மா, சித்தப்பாகிட்ட சாவியக் கேளு" என்றாள் ஃபர்ஹீன். "சரக்க வித்தா குழு பாக்கி தீந்துடும். கடை அட்வான்ஸ் வேற இருக்கு."

"இத்தா முடியட்டும்."

"அதுக்குள்ள சுவேதாவுக்கு சீட் போயிடும்மா. செல்வி அத்தைய உள்ள கூப்பிட்டாவது பேசு. பொம்பளைங்க வரலாம். உனக்கும் தெரியும்."

நூருன்னிசா அவளைக் கன்னத்தில் அறைந்தாள். "எனக்கு மார்க்கம் சொல்லிக் குடுக்குறியா நீ? போய் அஜ்ரத்தக் கேட்டுட்டு வாயேன்."

ஃபர்ஹீன் அப்படியே துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்தாள். பள்ளிவாசல் இமாம் வீட்டில் அவர் மனைவி உள்ளே போய் விசாரித்து வந்து சொன்ன பதிலை, வாசலில் நின்றபடியே தாயிடம் சொன்னாள். பிழைப்புக்கு வழியில்லாதவள், தலைக்கு மேல் அவசரம் உள்ளவள், பகலில் வெளியே போகலாம். இரவு தங்க வீட்டுக்கு வந்துவிட வேண்டும். முதல் வாரமே கேட்டிருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பார்கள்.

நூருன்னிசா தலையணையைத் திருப்பிப் போட்டாள். பிறகு, "அஜ்ரத்து பொண்டாட்டிக்கு என்ன, கடனா இருக்கு?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, செல்வகுமாரி செருப்பைக் கழற்றவில்லை. நடவுச் சேறு காயாத காலோடு நேராக உள்ளே வந்து போர்வையைப் பிடித்து இழுத்தாள். ஒரு பக்கத்து ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது.

"பொம்பளைங்க வரலாமாமே? சமீனா பஸ்ஸுல சொல்லிச்சி. அக்கா வூட்டுக்கு நாங்கல்லாம் போய்த்தான் வர்றோம், உங்கள எதுக்கு வெளிய நிக்க வெச்சாங்கன்னு எங்கிட்ட கேக்குது. வாரா வாரம் செருப்பக் கழட்டிட்டு நின்னனேடி உன் வாசல்ல. கோயில்ல நிக்கிற மாதிரி நின்னனேடி."

நூருன்னிசா எழுந்து உட்கார்ந்தாள். "செல்வி... எனக்கு வெளிய வரவே பயமா இருந்துச்சி."

"எனக்கு உள்ள வரப் பயமா இருந்துச்சிடி. உங்க சாமி கோச்சிக்குமோன்னு." செல்வகுமாரி ரவிக்கைக்குள் கையை விட்டு மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினாள். "இதுல இருந்த தங்கக் குண்டு எல்லாத்தயும் அடகு வெச்சிதான் உன் பேருக்குக் கட்டினேன். உனக்குப் புருசன் செத்தான், கழுத்துல ஒண்ணுமில்ல. எனக்கு அவன் உயிரோட இருக்கும்போதே ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை கடைசி நாளு. சரக்க விப்பியோ, உன்னயே விப்பியோ, எனக்குத் தெரியாது."

போகும்போது ஃபர்ஹீனைப் பார்த்து, "நீயும் தெரிஞ்சிதானடி சொன்ன?" என்றாள். ஃபர்ஹீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலை நூருன்னிசா புர்கா போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மூன்று மாதத்தில் முதல் முறை. தெரு வெளிச்சத்தில் கண் கூசியது. எதிர்வீட்டுப் பெண் கோலமாவு டப்பாவோடு வாயைத் திறந்தபடி நின்றாள். கூட வந்த ஃபர்ஹீன் தவளக்குப்பம் பஸ்ஸில் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்தாள்.

மைதீன் கடையின் ஷட்டர் மேலே தூக்கியிருந்தது. உள்ளே இரண்டு ஆட்கள் புரோட்டாக் கல்லைத் தூக்கி மேடையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு கடை தள்ளி ஃபரீத்தின் பை கடை. அதன் வாசலில், தோல் பைகளுக்குக் கீழே, மைதீன் கடைசியாகப் போட்ட ஆரஞ்சு நிற வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"நீங்க எதுக்கு அண்ணி வெளிய வந்தீங்க?" ஃபரீத் பதறி எழுந்தான். "யாராச்சும் பாத்தா இன்னா சொல்வாங்க?"

"சரக்கெல்லாம் எங்க தம்பி?"

"அண்ணன் எனக்கும் தர வேண்டியிருந்திச்சே. அதுக்கு எடுத்துக்கிட்டேன். அட்வான்ஸு வாடகைப் பாக்கியிலயும் கரண்ட் பில்லுலயும் போச்சி. இத்தா முடியற வரிக்கும் கடை ஓனரு ஷட்டரப் பூட்டிட்டுக் காத்திருப்பானா?"

"ஜனாஸாவுல நின்னு எல்லாத்துக்கும் நான் பொறுப்புன்னு சொன்னியே."

"அது எல்லாரும் சொல்றதுதான் அண்ணி." அவன் குரலைத் தாழ்த்தினான். "கேட்டவங்களுக்கே தெரியும். நம்பி ஒருத்தராவது எங்கிட்ட வந்தாங்களா?"

"குழுவுக்கு மட்டுமாவது குடு. ஒரு பொண்ணோட படிப்பு."

"மொதல்லயே கேட்டிருந்தா இருந்திருக்கும். திரைக்குள்ள இருந்து நீங்கதான சொன்னீங்க, நீயே பாத்துக்கோ, எனக்கு ஒண்ணும் சொல்லாதன்னு? நான் பாத்துக்கிட்டேன்."

 நூருன்னிசா சொன்ன வார்த்தைதான் அது. வாளி வாங்க வந்த ஒருத்தி, "கொஞ்சம் நவுருங்கம்மா" என்று அவளை ஒதுக்கிவிட்டு, "இது சாயம் போவுமா?" என்று ஃபரீத்தைக் கேட்டாள். அவன் வாளியைத் திருப்பித் தட்டிக் காட்டினான். பிறகு நினைவு வந்தவனாக, "பஸ்ஸுக்குக் காசு வெச்சிருக்கீங்களா அண்ணி?" என்றான்.

வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. சுவேதாவின் இடம் பட்டியலில் அடுத்து இருந்த ஒரு பெண்ணுக்குப் போனது. திங்கட்கிழமை சுவேதா தவளக்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். "என் நம்பர பிளாக் பண்ணிட்டா" என்று மட்டும் ஃபர்ஹீன் சொன்னாள். திரைப் போர்வை ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபர்ஹீன் அதைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். தாய் தடுக்கவில்லை.

அந்த வாரமே நூருன்னிசா பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவும் வேலை கேட்டு வாங்கினாள். ஒருத்தியாகக் கழுவினால் கட்டுப்படியாகாது என்று மகளையும் கூட்டிப் போனாள். ஃபர்ஹீனின் கல்லூரி விண்ணப்பம் நிரப்பாமலே அலமாரியில் கிடந்தது. பின்பக்கத் தொட்டியருகே குந்தி உட்கார்ந்து கழுவ வேண்டும். சோப்புத் தண்ணீரில் விரல் நகங்களின் ஓரம் வெந்துபோயிற்று. இத்தா முடியாமல் வெளியே போகிறாள் என்று சமீனா தெருத்தெருவாகச் சொன்னாள். "எங்க குடும்ப மானத்த தட்டுல போட்டுக் கழுவுறா" என்றாளாம். தண்டல் பாக்யராஜ் மறுநாளே கேள்விப்பட்டு, சாப்பாட்டுக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார்.

நூருன்னிசா கையில் இருந்த தட்டைத் தொட்டியில் போட்டாள். தொட்டியருகில் கொல்லைக் கதவு திறந்துதான் இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு ஈரக் கையோடு முன்பக்கம் வந்தாள்.

"லீவு முடிஞ்சிதா?" என்றார் பாக்யராஜ்.

"முடிஞ்சிது. குழுவுக்குக் கட்டின பிறகு உங்களுக்கு. இப்ப கையில ஒண்ணுமில்ல."

"அவளுங்களுக்கு முதல்லயா? உன் புருசன் என் கையப் புடிச்சிக் கெஞ்சி வாங்கினான்."

"தெரியும். எம்மாம் வாங்கினார்னு எனக்குத் தெரியாது. சொல்லுங்க."

அவர் சொன்னார். கூட்டித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவள் அந்தத் தொகையைக் கேட்டு முடிக்கும் வரை அங்கேயே நின்றாள். சாப்பிட வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி, "வூட்டு வெவகாரத்த வூட்ல வெச்சிக்கம்மா" என்று கத்தினார். அன்றைய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை அவள் செல்வகுமாரி வீட்டுக்குப் போனாள். பக்கத்துத் தெருதான். பாதி வழியில் கைப்பம்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்து போனாள்.

பெண்கள் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வசூலுக்கு வரும் ஆள் நாற்காலியில் கைப்பேசியோடு இருந்தான். அவளைக் கண்டதும் ஒருத்தி பாயில் காலை நீட்டிக்கொண்டாள். யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. பாய்க்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து, முடிந்து வைத்திருந்த ஒரு வாரத் தவணையை அவிழ்த்து செல்வகுமாரியிடம் நீட்டினாள். செல்வகுமாரி எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள்.

"இது ஒரு வாரத்துது. நாங்க கட்டினது?"

"கட்டுவேன். வாராவாரம் இதோட கொஞ்சம் சேத்து."

"கட்டுவா. புருசன் தர வேண்டிய அஞ்சு பவுனு மஹரையே ஒரே வார்த்தையில விட்டவளாச்சே" என்றாள் ஒருத்தி. சமீனா எல்லாவற்றையும்தான் பஸ்ஸில் சொல்லியிருந்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நூருன்னிசா நாற்காலியைப் பார்த்தாள். "சார், என் பேர்ல மொத்தம் இன்னும் எம்மாம் இருக்கு?"

அவன் கைப்பேசியைத் தடவிப் பார்த்துச் சொன்னான். அவள் அதைத் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

"சத்தமா சொல்லு" என்றாள் செல்வகுமாரி. "மூணு மாசம் நாங்க தெருவுல நின்னு கத்தினோம். இன்னிக்கி நீ சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

நூருன்னிசா எழுந்து நின்றாள். "எழுபத்தோராயிரத்து நானூறு" என்றாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் சுவேதா வேலை முடிந்து வந்தாள். துணிக்கடைப் பெண்கள் கட்டும் ஒரே நிறப் புடவையில் அவள் வயதுக்குப் பெரியவளாகத் தெரிந்தாள். நாளெல்லாம் நின்றதில் கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. பெண்களைத் தாண்டி வாசற்படி ஏறியவள் நின்று, "ஃபர்ஹீன் எந்தக் காலேஜ்?" என்று கேட்டாள்.

"எந்தக் காலேஜும் இல்லம்மா. எங்கூடத் தட்டு கழுவுறா."

"நல்லது" என்றாள் சுவேதா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

 நூருன்னிசா மறுபடி மண்ணில் உட்காரப் போனாள்.

"எதுக்கு உக்கார்ற?" என்றாள் செல்வகுமாரி. பணத்தை மடித்து வசூல்காரனிடம் கொடுத்தாள். "குழுவோடது மட்டுந்தான சொன்ன? தண்டலு எம்மாம்? அடகு எம்மாம்? இன்னும் எவன் எவன் வந்து எங்க வாசல்ல நிப்பான்னு நாங்க தெரிஞ்சிக்க வேணாமா? அதயும் சொல்லு."

நூருன்னிசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்டலிலிருந்து ஆரம்பித்தாள்.